பெரிய பொட்டி வாங்குனா நியாயம் வந்துருமா, அப்புனு?

ஏனப்புனு, புது ஆபீஸுக்கு பத்து கிகாபிட் ஸ்விட்சு வாங்கிப் போட்டீங்களாமா? கண்ணாடிக் கதவு போட்ட ரேக்காமா, நீல வெளக்கு மினுக்குதாமா! அப்பறம் எதுக்கு ஃபைலு போக மாட்டேங்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?

நானும் இதே பெங்களூர்ல, தூரவாணி நகர் ஐ.டி.ஐ. பேக்டரியில டெலிபோன் எக்சேஞ்சுக்கு ஒயர் கட்டுனவந்தான். கிராஸ்பார்னா குறுக்க நாலு கம்பி, நெடுக்க நாலு கம்பி. சேர வேண்டிய எடத்துல சேந்தா பேச்சு. இன்னைக்கும் பெரிய பெரிய ஸ்விட்சுக்குள்ள அந்தக் கிராஸ்பாருதான் சில்லுக்குள்ள ஒக்காந்திருக்குது. 1990ல மொத ஈதர்நெட் ஸ்விட்ச வித்ததே நம்ம நாட்டு வினோத் பரத்வாஜ் அமெரிக்காவுல தொடங்குன கம்பெனி. ஏழே போர்ட்டு. கம்பெனிக்குப் பேரு கல்பனா, சம்சாரம் பேரு. கெட்டிக்காரரு, ஊட்டுலயும் சண்டையில்ல!

சில்க் போர்டு சிக்னல்ல நின்னிருக்கறயா? முன்னால நிக்கறவன் நேராப் போகோணும், அவனுக்குச் செகப்பு. பின்னால நிக்கற உனக்கு எடது பக்கம் ரோடு காலியாக் கெடக்குது. போக முடியுதா? வர்ற போர்ட்டுக்கு ஒரே வரிசை வெச்ச ஸ்விட்சுலயும் இதே கூத்துதான். எல்லாப் பக்கமும் சமமாப் போற பாக்கெட்டா இருந்தாக்கூட, பெரிய ஸ்விட்சு நூத்துக்கு 58.6 தாண்டாதுன்னு 1987லயே கரோலும் கூட்டாளிக ரெண்டு பேரும் கணக்குப் போட்டுச் சொல்லிப்புட்டாங்க. பத்துக்குக் காசு குடுத்து ஆறு கூட வாங்கல நீ! போற போர்ட்டுக்கு ஒண்ணுன்னு உள்ளுக்குள்ள தனித்தனி வரிசை வெச்சா தீந்துச்சு. வாங்கறப்ப அதக் கேட்டயா? வெளக்கு எத்தனை கலர்னு கேட்டிருப்பே.

பங்கு பிரிக்கறதுக்கு வா. பத்து மெகாபிட்டு, ஆளு மூணு. ஒருத்தனுக்கு ரெண்டு போதும், மத்தவனுகளுக்கு எத்தனை குடுத்தாலும் பத்தாது. சத்தம் போடறவன் அள்ளிக்கட்டும்னு உட்டுருவியா? ரெண்ட மொதல்ல குடு, மிச்சம் எட்டுல ஆளுக்கு நாலு. கொஞ்சமாக் கேக்கறவன் வயிறு மொதல்ல நெறையோணும். இந்தக் கணக்கெல்லாம் வெச்சு 2004லயே புஸ்தகம் போட்டாங்க அனுராக் குமார், மஞ்சுநாத், ஜாய் குரின்னு மூணு வாத்தியாருக. அதுல ரெண்டு பேரு அப்ப இங்க டாட்டா இன்ஸ்டிட்யூட்டுலதான் இருந்தாங்க. நீ கலிபோர்னியாவுக்குப் போன் போட்டு வெவரம் கேக்கறே.

அறுந்தா ஆகுமேன்னு ரெட்டைக் கேபிள் இழுத்தியாமா, அது புத்தி. ஆனா அது வட்டமாச் சேந்துருச்சுன்னா? ஈதர்நெட் பாக்கெட்டுக்கு ஆயுசு எழுதி அனுப்பறதில்ல. அல்லாருக்கும்னு கெளம்புனது சுத்திச் சுத்திப் பெருகி மொத்த ஆபீஸையும் படுக்க வெச்சுரும். அதுக்குத்தான் 1985ல ரேடியா பெர்ல்மன்ங்கற அம்மா ஸ்பானிங் ட்ரீ கண்டுபுடிச்சாங்க: ஒரு வழிய அடைச்சு வெச்சிருக்கும், மத்தது அறுந்தா தொறந்து உடும். நீயோ, கேபிள் சொருகுனா ஒடனே நெட்டு வரோணும்னு அத ஆஃப் பண்ணிப்புட்டயாமா.

செரி, ரேக்கு அப்படியே இருக்கட்டும். மீட்டிங் ரூம் மேசைக்கடியில ரெண்டு முனையையும் செவுத்து சாக்கெட்டுலயே சொருகி உட்டிருக்கறாங்களே ஒரு மஞ்சக் கேபிளு, அத மொதல்ல புடுங்கு.