லைசென்ஸ் இல்லாத சீடை

எங்கள் சிவகாசித் தெருவில் லைசென்ஸ் இல்லாமல் தயாராகிற வெடிபொருள் உப்புச் சீடை ஒன்றுதான். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறைக்கு இத்தனை பேர்தான், பருத்தித் துணிதான், செல்போன் கூடாது என்று ஆயிரம் கட்டுப்பாடு. தீபாவளி நெருங்கிய அடுப்படியிலோ காய்கிற கடலெண்ணெயைச் சுற்றி அத்தை, சித்தி, அடுத்த வீட்டு அக்கா, அவர் கையில் செல்போன். எல்லார் உடம்பிலும் பாலியஸ்டர்.

சாத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது, சேவு வாங்கிக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு அரைக் கிலோ வாங்கினால் வேலை முடிந்தது. மதினி ஒத்துக்கொள்ள மாட்டார். கடைப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் தெரு பேசும். ஆகவே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, வறுத்து, சலித்து, வறுத்த உளுந்த மாவும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து உருட்ட வேண்டும்.

உருட்டுவதில்தான் வம்பு. சீடைக்கு அழுத்தம் ஆகாது. கீறல் விடாமல் வழுவழுவென்று உருட்டினால், எண்ணெயில் விழுந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தோலைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். மாவில் கப்பி கிடந்தாலும் இதே கதி. ஏனோதானோவென்று உருட்டிய சீடைதான் சமர்த்தாக வேகும். சோம்பேறிக்கு மரியாதை கிடைக்கிற பலகாரம் வேறு உண்டா தெரியவில்லை.

அண்ணன் ஆலையில் போர்மேன். மருந்தைத் திறந்து வைத்துக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து போகும். இறுக்கிக் கட்டினால்தான் சத்தம். அணுகுண்டுக்குச் சணல் சுற்றுவதே அதற்குத்தான். அந்தக் கையில் சீடை மாவைக் கொடுத்தால்? ஒவ்வொன்றும் கோலிக்குண்டு. பார்க்க அவ்வளவு அழகு.

மதினி முதல் ஈடு போட்டார். ஒன்று வெடித்தது. அப்புறம் பக்கத்தது. அப்புறம் வரிசையாக. சரவெடியை 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது எங்கள் வாணலிக்குத் தெரியாது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று அரசாங்கம் குறித்த கணக்கும் தெரியாது. அது நட்டநடு மத்தியானம். விட்டத்தில் மாவு, சுவரெல்லாம் எண்ணெய், கதவுக்குப் பின்னால் அத்தை. ஆலையில் வெடித்தால் எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, அடுப்படியில் வெடித்தால் தெருவே வந்து நின்று சிரிக்கிறது.

"ஏங்க, சீடை உருட்டச் சொன்னா என்னத்த உருட்டி வச்சிருக்கீங்க?"

"சரக்கு தரமா இருக்கணும்ல?"

1920-களில் தீப்பெட்டித் தொழில் கற்க அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரைக்கும் போனார்கள். சீடை கற்க இவன் விருதுநகர் மாமியார் வீடு வரைக்குமாவது போயிருக்கலாம் என்பது கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அத்தையின் கருத்து.

கடைசியில் மதினி ஓர் ஊசியை எடுத்து நீட்டினார். மிச்ச உருண்டைகளை ஒரு குத்துக் குத்தி வைத்தால் ஆவி போக வழி கிடைக்கும். அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் நட்டநடுவில், ஒரே ஆழத்தில் துளை போட்டு, தட்டை அடுப்பு மேடையில் வைத்தார்.

"ஓட்டை போட்டாச்சு. திரி எங்க?"