விடைத்தாளில் எண்ணூர் எங்கே?

*மாடல் தேர்வு முடிந்த வாரம். விஸ்காம், இதழியல் மாணவர்களின் புலம்பல்கள் மூட்டையாக வந்து சேர்ந்திருக்கின்றன. பிரித்தவரை பதில்கள் இதோ.*

விடைத்தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். 75-க்கு 31. முதலில் என்ன செய்வது?
— விஸ்காம் மாணவி, திருவொற்றியூர்

பக்கத்து பெஞ்ச்காரியின் மார்க்கை எட்டிப் பார்ப்பீர்கள். அதை முடித்துவிட்டு வாருங்கள். பிறகு உங்கள் மொத்த மார்க்கைக் கையால் மூடிக்கொண்டு வினாத்தாளை எடுங்கள். 'விளக்குக', 'ஒப்பிடுக', 'மதிப்பிடுக' என்று என்ன கேட்டிருக்கிறார்கள் என அடிக்கோடு போடுங்கள். 'மதிப்பிடுக' என்ற கேள்விக்கு வரையறையை மட்டும் ஒப்பித்திருந்தால் பாதி மார்க் அங்கேயே போயிருக்கும்.

அடுத்து, போன மார்க்கை மூன்றாகப் பிரியுங்கள். தெரியாமல் போனதற்குப் படிக்க வேண்டும். தெரிந்தும் எழுதத் தெரியாமல் போனதற்கு எழுதிப் பழக வேண்டும். நேரம் இல்லாமல் போனதற்குக் கைக்கடிகாரம் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 'இனி நல்லாப் படிக்கணும்' என்று சபதம் எடுப்பவர்கள் அடுத்த தேர்விலும் அதே சபதத்தை எடுக்கிறார்கள்.

அஜெண்டா செட்டிங் கோட்பாட்டுக்கு மெக்கோம்ப்ஸ், ஷா, சேப்பல் ஹில், 1972 என எல்லாம் எழுதினேன். 10-க்கு 4. 'உதாரணம் எங்கே?' என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி வேறு!
— இதழியல் மாணவர், எர்ணாவூர்

எர்ணாவூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! 1968 தேர்தலில் அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் யாருக்கு ஓட்டு என முடிவு செய்யாத 100 வாக்காளர்களைப் பற்றித் தெரிகிறது, வீட்டு வாசலில் ஒதுங்கிய எண்ணெய் மறந்துவிட்டதா?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிவே இல்லை என்றது துறைமுகத் தரப்பு. உங்கள் ஊர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கிய பிறகுதான் செய்தி பெரிதானது. வாளியால் எண்ணெய் அள்ளும் படங்கள் நாடெங்கும் போயின. கப்பல்கள் மோதுவதற்கு 5 நாள் முன்புதான் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்தது. பிப்ரவரி 7 இரவு, பதவி விலகியிருந்த முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் அதே மெரினாவில், ஜெயலலிதா நினைவிடத்தில் தியானத்தில் உட்கார்ந்தார். கேமராக்கள் அத்தனையும் அந்தப் பக்கம் திரும்பின. அள்ளி முடிக்காத எண்ணெய்க்குத் தியானம் செய்யவா தெரியும்?

கன்னிமாரா நூலகத்தில் அந்த நாட்களின் நாளிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்ச் செய்தி எந்தத் தேதியில் முதல் பக்கத்திலிருந்து உள்பக்கம் போனது என்று குறியுங்கள். எது முக்கியம் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்ற கோட்பாட்டுக்கு அதுதான் உதாரணம். கடைசியாக ஒரு வரி மதிப்பீடு: கரையில் இருப்பவருக்கு எது முக்கியம் என்று பத்திரிகை சொல்லித்தர வேண்டியதில்லை; தி.நகரில் இருப்பவருக்குச் சொல்லித்தர வேண்டும். நேரில் படாத விஷயத்தில்தான் ஊடகத்தின் பிடி இறுகும். இதையும் எழுதினால் 4 என்பது 8 ஆகும்.

செய்திக்கு முகப்பு எழுதச் சொன்னார்கள். 'எண்ணூரில் நள்ளிரவில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது' என்று தொடங்கினேன். 5-க்கு 1.
— முதலாமாண்டு மாணவர், காசிமேடு

அந்த ஒன்றும் எண்ணூர் என்ற பெயருக்காக விழுந்திருக்கும். பரபரப்பு செய்தி அல்ல, செய்தியைப் படித்தபின் வாசகருக்கு வருவது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 இரவு, உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத்திணறலால் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.' என்ன, எங்கே, எப்போது, யாருக்கு எல்லாம் வந்துவிட்டன. ஏன், எப்படி என்பவை அடுத்த பத்தியில் வரிசையில் நிற்கட்டும்.

'தமிழ் சினிமாவில் வடசென்னை' என்ற கேள்விக்கு 4 பக்கம் எழுதினேன். பக்கத்துக்கு ஒரு மார்க் கூட வரவில்லையே?
— விஸ்காம் மாணவர், ராயபுரம்

நாலு பக்கமும் 'வட சென்னை' படத்தின் கதைதானே? திருத்துகிறவர் டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டார். கதையை விட்டு ஒப்பீட்டுக்கு வாருங்கள். 'மெட்ராஸ்' (2014) காளி ஐ.டி. ஊழியர். 'வட சென்னை' (2018) அன்பு கேரம் ஆட்டக்காரர். 'சார்பட்டா பரம்பரை' (2021) கபிலன் துறைமுகத் தொழிலாளி. மூவருக்கும் வேலையோ விளையாட்டோ இருக்கிறது. ஆனால் உங்கள் விடையில் இருப்பது கத்தி மட்டும்! கதாநாயகனுக்கு என்ன தொழில், கேமரா அதை எவ்வளவு நேரம் காட்டுகிறது, பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் சித்திரிப்பு பற்றிய விடை. இல்லாவிட்டால் விமர்சனத்துக்கு முந்தைய பத்தி.

எங்கள் ஊர்ப் பிரச்சினையை எழுதினால் ஒருதலைப்பட்சம் என்று மார்க்கைக் குறைக்க மாட்டார்களா?
— இதழியல் மாணவி, எண்ணூர்

ஊரை எழுதினால் குறையாது, ஒப்பாரி வைத்தால் குறையும். துறைமுகம் சொன்னது என்ன, மீனவர்கள் சொன்னது என்ன, கடலோரக் காவல்படை சொன்னது என்ன, ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் சொன்னார்கள் என்று அடுக்குங்கள். பிறகு உங்கள் முடிவைச் சொல்லுங்கள். கோபம் அடிக்கோடாக இருக்கலாம், வாக்கியமாக வேண்டாம்.

கடைசி 10 மார்க் கேள்வியைத் தொடும்போது மணி அடித்துவிட்டது!
— பலர், பல ஊர்

3 மணி நேரம், 75 மார்க். ஒரு மார்க்குக்கு 2 நிமிடம் 24 நொடிதான். 10 மார்க் கேள்விக்கு 24 நிமிடம். 2 மார்க் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதி ஸ்கேலால் பார்டர் போட்டு, பச்சைப் பேனாவில் தலைப்பும் எழுதியவர்கள் மணியடித்தவரைத் திட்டக் கூடாது.

மறுகூட்டல் கேட்கலாமா?
— 31 வாங்கிய அதே மாணவி

கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது, நானும் போட்டுப் பார்த்தேன். மிகக் குறைந்த மார்க் வாங்கிய ஒரே ஒரு விடையை எடுத்து, நோட்டை மூடி வைத்து, 24 நிமிடத்தில் திரும்ப எழுதி, அதே ஆசிரியரிடம் கொண்டுபோய் நீட்டுங்கள். செமஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவருக்கும் சிவப்பு மை மிச்சம் இருக்கும்.