கூரை மேல் கௌரவம்

இப்போதைய எஸ்யூவிகளின் கூரையில் இருபுறமும் ரெயில் பளபளக்கும். பலவற்றில் அது வெறும் அலங்காரம்; சுமை ஏற்றாதீர் என்று கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 2014இல் தயாரிப்பு நின்ற அம்பாசிடரோ, கேரியரில் கட்டில் பீரோவையே சுமந்தது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையில், ரெயில்களுக்குக் குறுக்கே பூட்டும் கம்பியான கிராஸ்பார் கேளுங்கள். "எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்!" கிளாம்ப் பிடிக்காவிட்டால் ரப்பர் துண்டைச் செருகி, ஆலன் கீயால் ஒரு முறுக்கு. கூரை தாங்கும் எடையில் கிராஸ்பாரின் எடையும் அடக்கம் என்றால் கடைக்காரர் சிரிப்பார்.

நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் கம்பி விசிலடிக்கும். மேலே சாமான்? ஒன்றுமில்லை, டிக்கியே காலி. ஆனாலும் வண்டிக்கு லடாக் போய்வந்த களை. ஒரே சிக்கல், அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் உத்தரம் இடிக்கும்.