வெளுத்த வானம் என்ன விலை?

விக்டோரியா காலத்து நீர்வண்ண நிலக்காட்சி ஒன்றை வாங்கியவர் முதல் வேலையாக அதை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டுவார். அன்றே படத்துக்குச் சனி பிடித்துவிடும். அவுரி நீலம் வெயில் தாங்காது. நீலமும் சிவப்பும் கலந்து தீட்டிய சாம்பல் மேகத்தில் நீலம் மட்டும் நழுவிவிட, நடுப்பகல் வானம் ரோஜா நிறமாகும். "என்ன அருமையான அந்தி!" என்று விருந்தாளியிடம் பெருமை வேறு. ரஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1888-லேயே சோதித்துப் பார்த்து, வெளிச்சம்தான் எதிரி என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். ஆகவே, நல்ல விலைக்குப் போவது யார் கண்ணிலும் படாமல் பெட்டிக்குள் கிடந்த படம்தான். ரசிகர் கையில் சிக்காதது அதன் யோகம்.

அக்கால ஓவியர் பர்க்கெட் ஃபாஸ்டர் தீட்டிய இங்கிலாந்தின் சர்ரே குடிசைகளுக்கும் வேலியோரக் குழந்தைகளுக்கும் போலிகள் ஏராளம். அவர் கையெழுத்தோ பின்னிப் போட்ட இரண்டே எழுத்து, யாருக்கும் வரும். ஏலப் பட்டியலில் 'கையெழுத்திட்டது' என்றிருந்தால் சரி. 'கையெழுத்து காணப்படுகிறது' என்றிருந்தால், போட்ட கை வேறு என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் கை தூக்குகிறவர்கள் உண்டு.

இன்னொரு நீர்வண்ண ஓவியர் டேவிட் காக்ஸ், பொட்டலம் மடிக்கும் முரட்டுத் தாளில் வரைந்தவர். வானத்தில் தாளின் கறுப்புத் துணுக்கு தெரிந்தால், இரண்டு சிறகு வைத்துப் பறவையாக்கிவிடுவாராம். ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்த படத்தை விற்கும் இன்றைய வியாபாரிக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. "பழமையின் அழகு, சார்" என்று சொல்லிக் கொஞ்சம் கூடவே கேட்கிறார்.