நாலு கோல் தூரம்

போனக்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் சரிவுக்கு அப்பால் நிமிர்ந்து பாருங்கள். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம்தான் தமிழ் இலக்கணத்தின் முதல் தனி கேபின்.

கயிலாயத்தில் சிவன் கல்யாணம். முப்பத்து முக்கோடித் தேவர்களும் ஒரே ஹாலில் குழுமியதில் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. சமன் செய்ய ஒருவரைத் தெற்கே அனுப்பியாக வேண்டும். உருவத்தில் குள்ளம், கோபத்தில் நெட்டை என்று பெயரெடுத்த அகத்தியர் சிக்கினார். அவருக்கு நஷ்டமில்லை. அகத்தியர்கூடம் நிற்கும் பொதிகையில் குளிர்காற்று, தனிமை, பன்னிரண்டு மாணாக்கர். உட்கார்ந்து இலக்கணம் எழுத வேறென்ன வேண்டும்?

மனைவி லோபாமுத்திரைதான் வேண்டும். நச்சினார்க்கினியர் சொல்லும் கதைப்படி, அவரை அழைத்துவரச் சீடர் தொல்காப்பியரை அனுப்பினார். கூடவே ஒரு சர்க்குலர்: அம்மாவுக்கும் உனக்கும் நாலு கோல் இடைவெளி இருக்க வேண்டும்.

வழியில் வையையில் வெள்ளம். அம்மாவை ஆறு இழுத்தது. சீடர் தூரத்தை அளந்துகொண்டு நிற்கவில்லை. கிட்டே போய், ஒரு மூங்கில் கோலை முறித்து நீட்டினார். அதைப் பற்றிக் கரையேறினார் அம்மா.

தலைமையகம் பாராட்டவில்லை. விதி மீறிய இருவருக்கும் சுவர்க்கம் கிடையாது என்று சபித்தார் முனிவர். ஒரு குற்றமும் செய்யாத எங்களைச் சபித்த உமக்கும் கிடையாது என்றார்கள் அவர்கள். ஒரே சர்க்குலரில் மூன்று பேருக்கு சுவர்க்கம் போயிற்று! ஆத்திரம் ஆறாமல், தொல்காப்பியன் நூலைக் கேட்காதே என்று, அதன் அரங்கேற்றத்தைக் கேட்கவிருந்த அதங்கோட்டாசானுக்கும் தடை போட்டார். ஆசான் கேட்டார். இன்று முனிவர் எழுதிய அகத்தியத்தில் மிஞ்சியவை சில சூத்திரங்கள். தொல்காப்பியம் முழுசாக இருக்கிறது.

அதே சிகரத்துக்கு 1855-இல் இன்னொரு வாடகைதாரர் வந்தார்: திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வக இயக்குநர், ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன். உச்சியில் ஆய்வுக்கூடம் கட்டி, அங்கே எடுத்த அளவுகளைத் திருவனந்தபுரத்து அளவுகளோடு ஒப்பிட்டார். மேலே இருந்தவருக்கும் கீழே இருந்தவருக்கும் நடுவே ஒரு காடே இருந்தது; ஆனால் வேலை ஒன்று. யாரும் யாரையும் சபிக்கவில்லை.

முனிவரின் சர்க்குலர் மட்டும் லேசில் காலாவதியாகவில்லை. பெண்களைத் தடுக்கக் கூடாது என்று 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் வனத்துறை மலையேற்றத்தில் பெண்கள் உச்சிவரை போனார்கள்.

ஆகவே, ஆபீஸ் கட்டுகிறவர்களே, மேசைக்கு மேசை நாலு கோல் தாராளமாக விடுங்கள். எழுதுகிறவனுக்கு அது வரம். ஆனால் பக்கத்து மேசைக்காரர் வெள்ளத்தில் போனால் நீட்ட ஒரு மூங்கிலும் வையுங்கள். அதை நீட்டியவருக்கு மெமோ கொடுக்காதீர்கள்.