நாளைய தலைவர்களுக்கு ஒரு பாடம்

பருவநிலை மாற்றத்தால் எந்தெந்த வட்டாரத்தில் என்னென்ன சண்டை மூளும் என்று இளந்தலைவர்களுக்கு ஏசி அரங்குகளில் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம். பாடத்திட்டத்தில் முதுதலைவர்களின் செயல்முறை விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2007 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை முதன்முதலாகப் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசியது. 2009இல் மாலத்தீவு அமைச்சரவை கடலுக்கடியில் கூடி, உமிழ்வைக் குறைக்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட்டது. 2018இல் பசிபிக் தீவுத் தலைவர்கள் நவ்ருவில் கூடி, தங்கள் மக்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை என்று அறிவித்தார்கள். 2021 டிசம்பரில் பருவநிலை மாற்றத்தைப் பாதுகாப்புப் பிரச்சினையாகவும் பார்க்கக் கோரி நைஜரும் அயர்லாந்தும் கொண்டுவந்த தீர்மானம் பாதுகாப்பு அவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 12 நாடுகள் ஆதரித்தன; இந்தியா எதிர்த்தது; சீனா நழுவிக்கொண்டது; ரஷ்யா வீட்டோ போட்டது. தீர்மானம் கரையேறவில்லை, கடல்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.

இது பாதுகாப்பு அவையின் வேலையல்ல, பருவநிலை மாநாட்டின் வேலை என்பது இந்தியாவின் வாதம். நியாயம்தான். அங்கே வீட்டோ என்று எதுவும் கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி நகரும். அதாவது, எல்லாருக்கும் வீட்டோ.

பயிற்சி முடிக்கும் இளந்தலைவர்களுக்குச் சான்றிதழும் குழுப் புகைப்படமும் உறுதி. அவர்களுக்கு வாக்குரிமை தருவது பற்றி மூத்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.