இருபத்து நான்கு அங்குலமும் இருபது அடியும்: வடசென்னைச் சான்றுகளின்வழி ஓர் ஒப்பாய்வு

சுங்கக் கட்டண அட்டவணை 8528ஆம் தலைப்பின்கீழ் மானிட்டர், புரொஜக்டர், தொலைக்காட்சி மூன்றையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது. அறிஞர்களுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. மானிட்டர் வாங்குவோரை அவர்கள் அங்குலத்தார், புள்ளியார், ஆடித் தள்ளுபடியார் என மூன்று பள்ளியினராகப் பகுப்பர்.

மூன்றாம் பள்ளி குறித்து ஆய ஏதுமில்லை. அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

பெரிதே நன்று என்பது அங்குலத்தார் கொள்கை. நீளமும் உயரமும் இவர்களுக்குப் பொருட்டல்ல. மூலைக்கு மூலை இழுத்த கோடே அளவு. ஆதிகாலத் தொலைக்காட்சிக் குழாயின் முகம் வட்டமாக இருந்ததால் விட்டத்தைச் சொன்னால் போதுமானதாக இருந்தது. குழாய் போயிற்று, வட்டம் போயிற்று, வழக்கம் போகவில்லை. தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ் ஒன்று தன் பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரைக் கழித்துவிட்டு ரிச்சி தெருவிலிருந்து 24 அங்குலம் வாங்கி வருகிறது என்க. பழையதன் உயரம் 11.9 அங்குலம், புதியதன் உயரம் 11.8. புள்ளி வரிசைகள் 1024இலிருந்து 1080 ஆகின்றன. எக்செல்லில் இதன் பயன் கீழே மூன்று வரி. மீதி வளர்ச்சியெல்லாம் பக்கவாட்டில்.

இனி, இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருவோம். 24 அங்குலம் என்று விற்கப்படுவது 24 அங்குலமா?

அன்று என்பதற்குச் சான்று உண்டு. அட்டைப்பெட்டியில் ‘24’ எனப் பெரிய எழுத்தில் இருக்கிறது (காண்க: பெட்டி, முன்முகம்). அதே பெட்டி ‘60.45 செ.மீ.’ என்றும் சொல்கிறது (காண்க: மேற்படி பெட்டி, பக்கவாட்டு ஸ்டிக்கர், பொடி எழுத்து). வகுத்துப் பார்த்தால் 23.8. ஸ்டிக்கரை இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். முன்முகமே இடைச்செருகல், ஸ்டிக்கரே மூலபாடம் என்பர் மறு சாரார். 32 அங்குல டி.வி.க்கு ‘80 செ.மீ.’ என்று போடுவதும் இம்மரபே, 80 செ.மீ. என்பது 31.5 அங்குலம் (ஒப்புநோக்குக: காசிமேடு, விடியற்கால ஏலம், வஞ்சிரக் கூடை, மேலடுக்கு மட்டும், கீழடுக்குக்குப் பாடபேதம் உண்டு).

இச்சிக்கலை எண்ணூர் விரைவுச் சாலை எப்போதோ தீர்த்துவிட்டது. துறைமுக கேட்டுக்காக அங்கே வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் மேலிருக்கும் ‘இருபதடி’ கன்டெய்னரை டேப் வைத்து அளந்தால் 19 அடி 10½ அங்குலம்தான் வரும். ஆனால் அந்த ஒன்றரை அங்குலக் குறைவுக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு இருபதடிகளை வரிசையாக வைத்து நடுவே 3 அங்குலம் விட்டால், ஒரு நாற்பதடி பிடிக்கும் இடத்தில் அவை கச்சிதமாக உட்காரும். மானிட்டரின் 0.2 அங்குலத்துக்கு இத்தகைய பெருநோக்கம் எதையும் எந்தப் பெட்டியிலும் எந்தப் பக்கத்திலும் காண இயலவில்லை.

புள்ளியார் கணக்கு வேறு. 24 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82. 32 அங்குலத்தில் 2560×1440 வாங்கினால் மீண்டும் அதே 92! எட்டு அங்குலம் கூடுதலாகப் பெற்றவருக்குத் திரையில் புள்ளிகள் 78 சதவீதம் கூடின. எழுத்தின் கூர்மை கூடவில்லை. 27 அங்குலத்தில் 4கே வாங்கியவருக்கு 163 புள்ளி. எழுத்து எறும்பாகிவிடுவதால் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைத்து, 1440காரருக்குக் கிடைக்கும் அதே இடத்துக்கு வந்து சேர்வார். எழுத்து மட்டும் மழமழவென்று இருக்கும்.

82க்குக் களச்சான்று: ஸ்கேன் செய்த மங்கலான டெலிவரி ஆர்டர், 27 அங்குலத் திரை, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் தூரம்.

“இன்னாண்ணே, இது எட்டா மூணா?”

“அடிச்சுப் பாருப்பா, தப்புன்னா கடைசி நம்பர் சொல்லிடும்.”

கன்டெய்னர் எண் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் கணக்கிட்டுச் சரிபார்ப்பதற்கென்றே இருப்பது. ஆய்வேடுகளுக்கும் இப்படியொரு இலக்கம் இருந்திருந்தால் எத்தனை முனைவர் பட்டங்கள் கேட்டைத் தாண்டியிருக்கும் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மேலாய்வுக்குரியது ஒன்றே: மேசை. 32 அங்குலத் திரையின் அகலம் சுமார் 28 அங்குலம். திருவொற்றியூர் ஒண்டுக்குடித்தனத்தில் தையல் மெஷினுக்குப் போக மிஞ்சும் இடத்தில் அதை எப்படி வைப்பது என்பது குறித்து, மானிட்டர் வீட்டுக்கு வந்து சேரும்வரை எந்தப் பள்ளியும் வாய் திறப்பதில்லை. அது தனி நூலாக விரியும். முன்னுரை மட்டும் நாற்பது பக்கம் தயார், நூல்தான் பாக்கி.